காற்று ஒரு பக்கம், நீர் ஒரு பக்கம்

யேசுதாசனைத் தலைமயிரைப் பிடித்து மணலில் இழுத்துக்கொண்டு வந்தாள் லீமா. அவன் அடுத்த துறைக்காரன். வலை போடும் இடத்துக்காக இரண்டு துறைகளுக்கும் மூன்று வருஷமாக வெட்டும் குத்தும்தான். கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பத்து, புரட்டாசிக் கடைசியில், அன்று விடியற்காலை நடுக்கடலில் வைத்து லீமாவின் புருஷன் ஜஸ்டஸை இவன் அடித்துத் தண்ணீரில் தள்ளிவிட்டான். திரும்பும் வழியில் இந்தத் துறை ஆட்கள் அவனை வளைத்துப் பிடித்தார்கள். ஆளாளுக்கு மிதித்ததில் ஒரு கண் மூடிக்கிடந்தது.

"விலகுங்கலே! இவன் செத்துட்டான்னா எனக்கு எவன் பதில் சொல்லுவான்?" என்றாள் லீமா.

மீன்கூடையோடு முட்டத்துக்கும் குளச்சலுக்கும் இடையே பதினைந்து வருஷம் கரையோரமாக நடந்தவள் அவள். ஒடிந்த துடுப்பு, அறுந்த மிதப்புக்கட்டை, செத்த ஆமை, எந்தக் காற்றில் எது எங்கே ஒதுங்கும் என்பது அத்துப்படி. எல்லாம் விறகு பொறுக்கப் போய்ப் படித்த படிப்பு. பொம்பளைக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும் என்று மீசையை முறுக்கிய மகாராசன்கள்தான், போன வருஷம் கட்டுமரம் கவிழ்ந்து மூன்று பேரைக் காணாதபோது அவள் வாசலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்கள். மூன்று பேரையும் அவள் சொன்ன இடத்தில் உயிரோடு தூக்கினார்கள்.

துடுப்பால் யேசுதாசனின் முழங்காலில் ஓங்கி அடித்தாள்.

"எங்க வச்சு அடிச்சலே?"

"கோயில் கோபுரத்துக்கு நேரே. பதினஞ்சு பாகம் ஆழத் தண்ணியில."

"எப்போ?"

"விடிவெள்ளி மொளைக்கையில."

"அவருக்குப் பிடிக்கதுக்கு என்ன இருந்துது?" இன்னொரு அடி விழுந்தது.

"மரம் இருந்துது! பாயும் அவுக்கல்ல. மரத்தை நான் தொடவே இல்ல, அந்தோணியார் சத்தியமா!"

அந்தச் சத்தியத்தை அவள் நம்பினாள். காற்று இன்னும் மேற்கிலிருந்துதான் அடித்தது, நீரோட்டமோ அதற்குள் திரும்பி மேற்கே ஓடத் தொடங்கியிருந்தது. இந்த மாதத்தில் மட்டும் இரண்டுக்கும் ஒத்துப்போகாது. பாயோடு மிதக்கும் கட்டுமரத்தைக் காற்று கிழக்கே கொண்டுபோகும். தண்ணீரில் கிடக்கும் ஆளை நீரோட்டம் மேற்கே இழுக்கும். மரம் பக்கத்தில் இருக்கும்போது ஜஸ்டஸ் ஏன் தண்ணீரில் கிடக்கப்போகிறான்?

"கிழக்கே போங்க," என்றாள் கொழுந்தன் அல்போன்ஸிடம். "முட்டம் பாறைக்குத் தெக்கே. உச்சிக்குள்ள அங்க வந்திரும்."

ஆறு மரங்கள் போயின. உச்சி திரும்புமுன் கூவிக்கொண்டே வந்தார்கள். அவள் சாமி வந்தவள் போல ஓடினாள்.

"மைனி, நீ சொன்ன எடத்துல இம்மி பிசகல்ல," என்றான் அல்போன்ஸ். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இழுத்து வந்த மரத்தில் ஆள் இல்லை. விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. தொங்கிய கயிற்றின் நுனி நார்நாராக மெல்லப்பட்டிருந்தது. லீமா அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பல் ஆழமாகப் பதிந்திருந்தது. கை இருக்கிறவன் கயிற்றை ஏன் கடிக்கிறான்?

கட்டிப்போட்டிருந்த யேசுதாசனின் கழுத்தை நெரித்தாள்.

"அவரு கைய என்னலே செஞ்ச?"

"ரெண்டையும் ஒடிச்சேன்," என்றான் அவன். "நீ அதைக் கேக்கல்லியே."

அவள் அலறினாள். அந்த அலறலிலேயே வழியையும் சொன்னாள். "மேக்கே! குளச்சலுக்கு இப்புறம்! தள்ளுங்கலே!"

மரங்கள் எதிர்க்காற்றில் போய்ச் சேர்வதற்குள் மணி மூன்றாகிவிட்டது. அவள் சொன்ன இடத்தில்தான் ஜஸ்டஸ் மல்லாந்து கிடந்தான். கழுத்துகூட இன்னும் விறைக்கவில்லை. அரைமணி நேரம் முந்தியிருந்தால் போதும், ஆள் பிழைத்திருப்பான்.

கரையில் கிடத்தினார்கள். ஜெபமாலை சுற்ற அவன் கைகளை நெஞ்சில் சேர்த்துவைத்தாள். அவை நிற்கவில்லை, வழுகி மணலில் விழுந்தன. மறுபடி எடுத்து வைத்தாள், மறுபடி விழுந்தன. அதைப் பார்த்த அல்போன்ஸ் எழுந்தான்.

"அவன் செஞ்ச மாதிரியே செய்யுதேன் மைனி."

எலும்பு முறியும் சத்தம் இரண்டு தடவை கேட்டது. லீமா தடுக்கவில்லை. பொய் சொல்வானேன், அந்தச் சத்தம் அவளுக்கு இனித்தது. யேசுதாசனைக் கட்டுமரத்தில் போட்டு, ஜஸ்டஸை அவன் அடித்த அதே இடத்துக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நேரத்தில் கடலோரத்தில் அவளும் புருஷனுமாக மிஞ்சினார்கள்.

கை ஒடிந்தது என்ற அந்த ஒரு சொல் காலையிலேயே கிடைத்திருந்தால்! அதுதான் அவளைப் போட்டு அரித்தது. சேலைத் தலைப்பைக் கிழித்து ஜஸ்டஸின் முகத்தை மூடினாள். எழுந்து அடுத்த துறைக்கு நடந்தாள்.

அங்கே ஆண்கள் கத்தியும் துடுப்புமாகக் கரையில் நின்றார்கள். ஒரு கல் வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. யேசுதாசனின் அம்மை முத்துக்கனி அரிவாளோடு பாய்ந்து வந்தாள்.

"எம் மவன் எங்கட்டி?"

"கோபுரத்துக்கு நேரே, பதினஞ்சு பாகத்துல தள்ளிட்டாங்க. இப்பதான். மரத்தையும் பாயோட விட்டிருக்கு."

"காத்து முட்டத்துக்குத்தான்! கிழக்கே தள்ளுங்கலே!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் மரங்களை நோக்கி ஓடினார்கள்.

லீமா முத்துக்கனியின் மணிக்கட்டை அரிவாளோடு சேர்த்துப் பிடித்தாள். நெற்றி ரத்தம் வாயில் இறங்கியது.

"கிழக்கே விடாத. ரெண்டு கையையும் ஒடிச்சிருக்கு. மரத்தைத் தேடாதீங்க, மேக்கே போய் ஆளைத் தேடுங்க."