கொலைகாரன் யார் என்று சொல்ல மாட்டேன்

1
இந்தக் கதை, ஒரு சலவைக் கடையில் பாதியில் நிறுத்திய ஒலிநூலிலிருந்து பிறந்தது. அதை ஒளிப்பானேன்? "அன்று வானம் இருண்டிருந்தது" என்றுதான் முதலில் தொடங்கினேன். இருளவில்லை. நல்ல வெயில். கணவனும் மனைவியும் துணி தேய்த்துக்கொண்டே மர்மக் கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கதையில், மாளிகையின் விளக்கு அணைந்தது. படிக்கட்டில் காலடிச் சத்தம். கணவர் போனில் ஓடிய கதையை நிறுத்தினார்.

"சத்தியமா டாக்டர்தான் கொலைகாரன்."

"போன கதையில தோட்டக்காரன்னீங்க. அவன் சாட்சி சொல்ல வந்து நின்னான்."

"இந்தத் தடவை பாரு. நான் இல்லாம கேட்டுராத. வந்துடறேன்."

ஓட்டலுக்குச் சேரவேண்டிய மேசை விரிப்புகளை வண்டியில் கட்டிக்கொண்டு போனவர்

2
(இந்த வாக்கியத்தை விதவிதமாக முடித்துப் பார்த்து அடித்துவிட்டேன். லாரி, வளைவு, ஆஸ்பத்திரி என்று எழுதலாம். அவர் வரவில்லை. அவ்வளவுதான்.)

3
அவளை 'அவள்' என்றே எழுதுகிறேன். 'நான்' என்று எழுதினால் பேனா நகர மாட்டேன் என்கிறது.

கடை ஊமையாகிவிட்டது. வாடிக்கைக்காரர்களுக்கும் துண்டு துண்டாகக் கதை தெரியும். மிச்சத்தைக் கேட்க வாயெடுத்து, மென்று விழுங்கிவிட்டுப் போனார்கள். அவளுடைய பயம் வேறு. ஆயுளில் ஒரு கொலைகாரனைக்கூடச் சரியாகச் சொல்லாத மனுஷன்.* இந்த ஒரு முறை சரியாகச் சொல்லியிருந்தால்? அது தெரியாமலே அவர் போயிருந்தால்? அந்த வெற்றியை அவள் யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பாள்?

* ஒரு கதையில் துப்பறிய வந்தவரையே சந்தேகப்பட்டார்.

4
கடைக்கு ஒத்தாசையாக வந்த நாத்தனார்தான் பேச்செடுத்தாள்.

"அண்ணி, மிச்சத்தைப் போட்டுடலாமா?"

"வேணாம். அவர் சொன்னது சரியாப் போயிடுச்சுன்னா?"

"யாரு, எங்கண்ணனா? உங்க கல்யாணத்துக்கு மழையே வராதுன்னு அடிச்சுச் சொன்னான். மண்டபத்துல முழங்கால் தண்ணி!"

அவள் உதடு கோணியது. அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியவில்லை. போனைத் தானே தொட்டாள்.

காலடிச் சத்தம் மேலே ஏறியது. டாக்டரின் பையில் ரத்தக் கறையோடு ஒரு கையுறை.

"ஐயோ அண்ணி..." என்றாள் நாத்தனார். இரண்டு பேர் கையிலும் இஸ்திரிப் பெட்டி அந்தரத்தில் நின்றது.

5
இங்கே டாக்டரைக் கொலைகாரனாக்கி ஒரு முடிவு எழுதினேன். கண்ணீர் தானாக வந்தது. ஆனால் பொய். கிழித்துவிட்டேன்.

நடந்தது இது: அடுத்த அத்தியாயத்தில் யாரோ டாக்டரைக் குத்திச் சாய்த்துவிட்டார்கள்.

"டாக்டர் காலி!" நாத்தனார் போட்ட கூச்சலில், தேய்த்த சட்டையை வாங்க வந்தவர் துள்ளிவிட்டார்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வழிந்தது. "இந்தத் தடவையும் கோட்டை விட்டுட்டாரு மனுஷன்!" அப்பாடா என்றிருந்தது. அவருக்குச் சேரவேண்டியது எதுவும் இங்கே தங்கிவிடவில்லை.

"அப்ப யாருதாங்க கொன்னது?" என்றார் சட்டைக்காரர்.

6
அது அவளுக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். நீங்களும் அதே கதையை யாருடனாவது சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் இவன்தான் கொலைகாரன் என்று ஒரு ஆளைக் கைகாட்டுங்கள். தப்பாக இருந்தால் இன்னும் நல்லது.

தேய்ப்பு மேசை அவர் உயரத்துக்குச் செய்தது. அவள் இன்றும் காலடியில் பலகை போட்டுத்தான் தேய்க்கிறாள்.