வெட்டியெடுத்த பதினோரு வினாடி

இப்போதெல்லாம் மனிதர்களுக்கு வெட்கம் என்பதே விட்டுப்போய்விட்டது. செய்த தப்பை மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் கைதட்டுகிறார்கள். சொன்னவர் குளித்துவிட்டு வந்த மாதிரி மேடையை விட்டு இறங்கி கேக் சாப்பிடப் போகிறார். மைக்கில் பேசுகிற யாரையும் நான் நம்புவதில்லை.

போன நவம்பரில் எங்கள் கோச் ஹேவர்கேம்ப்புக்குக் கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் வழியனுப்பு விருந்து வைத்தார்கள். அயோவாவின் மேற்கு ஓரத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கல்லூரிக்கு முப்பத்தொன்பது வருடம் அமெரிக்க ஃபுட்பால் கோச்சாக இருந்தவர். இருநூற்று நாற்பத்தொரு வெற்றி. அத்தனை வருடமும் அவருடைய ஆட்டக்காரப் பையன்களின் ஹெல்மெட்டைத் துடைத்தவன் நான். ஜெர்சியைத் துவைத்தவனும், பிலிம் டப்பாக்களைச் சுமந்தவனும் நான்தான். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு நல்ல வேலைதான், குறை சொல்ல மாட்டேன்.

அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அடுத்து மோதப்போகும் இரண்டு கல்லூரிகளும் தாங்கள் முன்பு ஆடிய ஆட்டங்களின் பிலிமை ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள வேண்டும், எதிராளி எப்படி ஆடுவான் என்று பார்த்துத் தயாராவதற்கு. முழுசாகக் கொடுக்க வேண்டும். யாரும் சரிபார்க்க மாட்டார்கள். கொடுக்கிறவன் வாக்குதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நெப்ராஸ்காவில் இருந்த கல்லூரியிலிருந்து என்னைப் போலவே டப்பா சுமக்கிற லாம்பர்ட் ஸ்வோபோடா வருவான். பாலத்துக்குப் பக்கத்துப் பெட்ரோல் பங்கில் வண்டியோடு வண்டி ஒட்டி நிறுத்தி, டப்பாக்களை மாற்றிக்கொள்வோம். அவன் மனைவி ஏக்னஸ் சுட்ட ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி என்ற இனிப்பு ரொட்டி எனக்கென்று இரண்டு வரும். அவன் வாயிலிருந்து காலையிலேயே விஸ்கி வாடை வரும்.

எழுபத்து நான்கில் கடைசி ஆட்டம் அவர்களோடு. தோற்றால் கோச்சை அனுப்பிவிடுவார்கள் என்று ஊரே பேசியது. பிலிம் கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் அவர் ஒரு கத்தரிக்கோலை என் முன்னால் வைத்தார்.

"மூணாவது ஆட்டத்துல ஒரு வேலை காட்டினோமே, எல்டன். பந்த வாங்கிட்டு ஓடுறவன் டக்குனு நின்னு, பின்னால நிக்கிறவனுக்குத் திருப்பி எறிவானே. அத மட்டும் வெட்டிடு. பதினோரு வினாடிதான்."

"இது நல்லால்ல, கோச்."

"எனக்கு வேலை போனா உனக்கும் போச்சுய்யா. புதுசா வர்றவன் உன்னையா வச்சுக்குவான்?"

வெட்டினேன். ஒட்டினேன். மறுநாள் ஸ்வோபோடா கையில் கொடுத்தேன். அவன் கொடுத்த கொலாச்சியையும் தின்றேன்.

ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் அதே வேலையைக் காட்டினோம். அவர்கள் ஆட்கள் எல்லோரும் ஓடுகிறவனைத் துரத்த, பின்னால் பந்தை வாங்கியவன் அதை அவர்கள் தலைக்கு மேலே முன்னால் நின்ற எங்கள் ஆளுக்கு எறிந்தான். கோப்பை எங்களுக்கு. கோச்சின் பெயர் அன்றைக்குத்தான் ஊரெல்லாம் பரவியது.

நாலு நாள் கழித்து அவர்கள் கோச்சுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், இதை மூன்றாவது ஆட்டத்திலேயே ஆடினார்களே என்று. அவர் ரீலை மறுபடி ஓட்டிப் பார்த்தார். ஒட்டுப் போட்ட இடம் தெரிந்தது. ஸ்வோபோடா குடித்துவிட்டு மெஷினில் மாட்டும்போது கிழித்து, ஒட்டி, மறைத்துவிட்டான் என்று முடிவு கட்டினார்கள். அவன் எனக்கு ஃபோன் செய்தான்.

"எல்டன், உன் கைல இருந்து வரும்போதே அது ஒட்டியிருந்துச்சா? அன்னிக்கு நெறைய ஊத்திட்டேன்ய்யா. எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல."

"முழுசாத்தான் குடுத்தேன்," என்றேன்.

"சரிய்யா. கேட்டுக்கலாம்னுதான். தேங்க்ஸ்."

அவனுக்கு வேலை போனது. அடுத்த வருடம் பாலத்துக்கு வேறொருவன் வந்தான்.

விருந்தில் கோச் மைக்கைப் பிடித்தார். "இன்னிக்கு ஒரு ரகசியம் சொல்றேன். என் மொதல் கோப்பைய ஜெயிச்சது பசங்க இல்ல. அதோ உக்காந்திருக்கான் பாருங்க எல்டன், அவனும் அவன் கத்தரிக்கோலும்தான்!" கதை முழுவதையும் சொன்னார். முந்நூறு பேர் சிரித்தார்கள். "எந்திரிய்யா, திருடா!" என்று யாரோ முதுகில் தட்டினான். வாயிலிருந்த பன்றிக்கறியைக் காகிதத் துண்டில் துப்பினேன்.

எதிர்க் கல்லூரிகளின் பழைய ஆட்களையும் கூப்பிட்டிருந்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. மூலை மேசையில் ஸ்வோபோடா உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரை. அவன் ஒருவன்தான் சிரிக்கவில்லை. எழுந்து அவனிடம் போனேன்.

"அப்ப, நான் கிழிக்கலையா?" அதுதான் அவன் முதல் வார்த்தை.

"இல்ல லாம்பர்ட். நான்தான் வெட்டினேன். ஃபோன்லயும் பொய்தான் சொன்னேன்."

காபிக் கோப்பையை மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தான். "அந்த வாரமே குடிய விட்டேன். குடிச்சா என் கை என்ன பண்ணுதுன்னு எனக்கே தெரியலையேன்னு பயந்துபோய் விட்டேன். முப்பத்தேழு வருஷம். ஏக்னஸ் சண்டை வந்தா போதும், 'அந்தப் பிலிம கிழிச்ச கைதான இது'ம்பா. நானும் ஆமாம்பேன்." தொப்பியை எடுத்துக்கொண்டான். "அவ போய்ச் சேந்து ஆறு வருஷம் ஆச்சு. அவகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

அவன் ஒவ்வொரு நாற்காலியாகப் பிடித்துக்கொண்டு வெளியே போனான்.

கோச் கேக் தட்டோடு வந்தார். "என்னய்யா சொல்றான் கிழவன்?"

சொன்னேன்.

"அடேயப்பா! அப்ப நாம அவனுக்கு நல்லதுதான்ய்யா பண்ணியிருக்கோம். இல்லேன்னா குடிச்சே செத்திருப்பான்."

"அத அவன் சொல்லட்டும் கோச். நீங்க சொல்லாதீங்க."

"அந்தக் காலத்துல வெட்டாதவன் எவன்? ரீலுக்கு ரீல் வெட்டினானுங்க. உனக்கு எப்பவும் எல்லாத்துலயும் சந்தேகம்." திரும்பிக் கை தட்டினார். "யாராவது ஒரு கத்தரிக்கோல் கொண்டாங்கப்பா! எல்டன் கைல குடுத்து ஒரு போட்டோ எடுத்துக்கலாம்!"

ஒருத்தி ஆபீஸ் அறையிலிருந்து ஓடிவந்து நீட்டினாள். சிவப்புப் பிடி போட்டது. நான் அதைத் தொடாமல் கோட்டை எடுத்து மாட்டினேன்.

"அவன் குடிய விட்டான்ல? அதுக்கென்ன சொல்ற?" என்று பின்னாலிருந்து கத்தினார்.

விட்டது உண்மைதான். ஆனாலும் என் மனம் ஒப்பவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு வண்டி நின்ற பக்கம் நடந்தேன்.