அம்மாக்கண்ணுவின் நாலு பல்

அம்மாக்கண்ணுவின் கீழ்வரிசை முன்பல் நாலும் வெளியே பார்க்க லட்சணமாகத்தான் இருந்தன. வம்பெல்லாம் உட்பக்கத்தில். அங்கே மஞ்சளும் கறுப்புமாக ஒரு கெட்டிப் பொருள் ஏறி, பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாமல் ஒரே சுவராக நின்றது. வரிசை வீடான லயத்தில் குடியிருக்கும் சனம் அதைப் பல்லுப்பாசி என்று சொல்லும். இலங்கை மலைநாட்டில் டயகமப் பக்கத்தில் இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் பாசி பிடிக்காத வாயைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வெற்றிலை போடாமல் குளிரில் யார் கொழுந்து கிள்ளுவது?

ஆனால் அம்மாக்கண்ணுவுக்குக் காலையில் துப்பினால் இரத்தம் வந்தது. ரொட்டியைக் கடித்தால் கடித்த இடம் சிவந்தது. செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள், கரியும் உப்பும் போட்டுத் தேய்த்தாள், தேசிக்காய்ப் புளியைப் பிழிந்தும் பார்த்தாள். பல் தேய்ந்ததே தவிரப் பாசி தேயவில்லை.

அவளுக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. அக்கா மீனம்மாவும் இப்படித்தான் இரத்தம் துப்பிக்கொண்டு தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள்; முன்பல் அத்தனையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். இப்போது ரொட்டியைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டு விழுங்குகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கோபம் அக்கா மேல் இல்லை, அங்கே பல் பிடுங்கும் குறட்டின் மேல். தன் நாலு பல்லும் அந்தக் குறட்டுக்குப் போகக் கூடாது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

புருசன் ஆண்டியப்பன் கவ்வாத்துக்காரன். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டியதும், கட்டையில் படிந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுக்கவேண்டும். அப்போதுதான் செடி நன்றாகத் துளிர்க்கும். அந்த வேலையில் அவனை அடிக்க ஆளில்லை என்று கங்காணியே சொல்லுவார். பாசி என்ற சொல் காதில் விழுந்ததும் அவனுக்குக் கை பரபரத்ததில் என்ன ஆச்சரியம்?

"ஏ புள்ள, பாசிதானே? வருசம் பூரா தேயிலத் தூர்ல நான் என்னாத்தச் சுரண்டுறேன்? வெளிச்சத்துக்கு வந்து ஒக்காரு."

"செடியும் பல்லும் ஒண்ணாங்க?"

"பாசின்னா பாசிதான். ஒக்காருன்னா ஒக்காரு."

பழைய குடையிலிருந்து ஒரு கம்பியை உருவி, கல்லில் தீட்டி, முனையை வளைத்து வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை, லயத்து வாசல். அம்மாக்கண்ணு வாயைப் பிளந்துகொண்டு உட்கார, அக்கம்பக்கத்துக் காம்பராக்களில் குடியிருந்தவர்கள் வேடிக்கைக்குக் கூடிவிட்டார்கள். முதல் சுரண்டலிலேயே பயறு அளவு ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. ஆண்டியப்பன் அதைத் தோட்டத்துத் துரைக்குக் காட்டுவதுபோல உயர்த்திக் காட்டினான். சனம் ஆகா என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். புகழ்ச்சி யாரை விட்டது? அடுத்த சுரண்டலில் கம்பி வழுக்கி ஈறுக்குள் இறங்கிவிட்டது. செடிக்கு ஈறு கிடையாது என்பதை ஆண்டியப்பன் மறந்துவிட்டான்.

அன்று பொழுது சாய்வதற்குள் தாடை வீங்கிவிட்டது. மறுநாள் கஞ்சிகூட இறங்கவில்லை. அவன் பாவம், உப்புத் தண்ணியைச் சுடவைத்துக் கொடுத்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்தான். வாயைத் திறக்க முடிந்திருந்தால் அம்மாக்கண்ணு அவனைக் கிழித்திருப்பாள்.

வேறு வழியில்லாமல் டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுக்கும் செபஸ்தியாம்பிள்ளை யாழ்ப்பாணத்து ஆள். டாக்டர் இல்லை, ஆனால் தோட்டம் முழுக்க டாக்டரையா என்றுதான் கூப்பிட வேண்டும். காய்ச்சலுக்கு ஒரு கலவை, வயிற்றுவலிக்கு ஒரு கலவை, பல்வலிக்குக் குறடு. அவருடைய வைத்தியம் அவ்வளவுதான். விரலால் அவள் உதட்டைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"ஆர் இதைக் குத்திக் கிழிச்சது? சரி, சரி. இந்த நாலையும் கழட்ட வேணும்."

"கழட்ட வேணாங்கய்யா. அந்தப் பாசிய மட்டும் எடுத்து, பல்லச் சுத்தம் பண்ணி விடுங்க."

செபஸ்தியாம்பிள்ளைக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. "சுத்தம்தானே? ஒண்டும் மிஞ்சாமல் சுத்தமா எடுத்து விடுறன். பிறகு பாசி பிடிக்க இடமே இராது."

மருந்துக்குக் காத்திருந்தவர்களும் சிரித்தார்கள். சிலர் பயத்தில் சிரித்தார்கள், சிலர் உண்மையாகவே சிரித்தார்கள். அம்மாக்கண்ணுவுக்கு வீங்கிய தாடையைவிட அந்தச் சிரிப்புத்தான் அதிகமாக வலித்தது. அவர் குறட்டை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பியதும் அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

துரை பங்களாவில் ஆயாவாக இருக்கும் டோரீன், துரையின் இருமல் மருந்தை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அக்கா, நில்லுங்க. தொரசாணிக்கும் இதே பாசிதான். வருசா வருசம் டவுனுக்குப் போயி பல்லு டாக்டருக்கிட்டச் சுத்தம் பண்ணிக்கிட்டு வர்றாங்க. ஒரு பல்லும் கழட்டல."

"அவுங்க காசு குடுப்பாங்க."

"கவுருமெண்டு ஆஸ்பத்திரியிலயும் பல்லு டாக்டரு இருக்காராம்க்கா. காசு கெடையாதாம்."

அம்மாக்கண்ணு நின்றுவிட்டாள். துரைசாணி வாயிலும் பாசி, அவள் வாயிலும் பாசி. அங்கே சுத்தம் செய்வார்களாம், இங்கே பிடுங்குவார்களாம். ஒரே சொல்லுக்கு பங்களாவில் ஒரு பொருள், லயத்தில் ஒரு பொருளா? இந்த அநியாயத்தை நினைக்க நினைக்க அவளுக்கு வலியே மரத்துவிட்டது.

விடிந்ததும் அவள் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக்குப் போகவில்லை. நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு தலவாக்கலை பஸ்ஸுக்கு நின்றாள். ஆண்டியப்பன் பின்னாலேயே வந்து கெஞ்சினான்.

"டாக்டரையா துண்டுச் சீட்டு குடுக்காம ஆஸ்பத்திரியில சேக்க மாட்டாங்க புள்ள. தொரைக்குத் தெரிஞ்சா பேரு வெட்டிருவாரு, கூலி போயிரும்."

"வெட்டட்டும். நீங்க சுரண்டுனதும் போதும், அவரு சிரிச்சதும் போதும்."

தலவாக்கலையில் பஸ் மாறி, நானுஓயா ஏற்றத்தில் வாந்தி எடுத்து, ஒருவழியாக நுவரெலியா வந்து சேர்ந்தாள். ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் பார்க்கும் அறை வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன் நின்றான். அவளுடைய மூக்குத்தியையும் சேலைக்கட்டையும் பார்த்ததுமே கையை நீட்டினான்.

"துண்டுவ கோ?"

துண்டு எங்கே என்று கேட்கிறான். தோட்டத்தில் சாவதற்கும் துண்டு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். இல்லை என்றாள். அவன் அரைகுறைத் தமிழுக்கு மாறினான். தோட்டத்து ஆள் துண்டு இல்லாமல் வரக்கூடாதாம். தோட்டத்து ஆள் எல்லாம் இந்தியா ஆளாம், இந்த நாட்டு ஆள் இல்லையாம்.

தாடை வீங்கிய பெண் அவ்வளவு சத்தம் போடுவாள் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

"நான் டயகமவுல பொறந்தவ. எங்கம்மாவும் அங்கதான் பொறந்துச்சு. இந்தப் பல்லு அத்தனையும் இந்த மண்ணுல மொளைச்ச பல்லு. மொளைக்கிறப்ப எவங்கிட்டயும் துண்டு வாங்கிக்கிட்டு மொளைக்கல. பாக்குறதுக்கு மட்டும் என்னாத்துக்குத் துண்டு?"

பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளேயிருந்து டாக்டரே எட்டிப் பார்த்தார். இளம் வயது, சிங்களவர், கண்ணாடி. என்ன நினைத்தாரோ, காக்கிச் சட்டைக்காரனிடம் சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு அவளை உள்ளே வரச் சொன்னார்.

உள்ளே சாயும் நாற்காலி, தலைக்கு மேல் விளக்கு, பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இரும்புச் சாமான். ஒத்தாசைக்கு சிசிலி என்ற ஒரு வேலைக்காரப் பெண், கழுத்தில் சிலுவை. "கட்ட அரின்ன" என்று டாக்டர் தன் வாயைத் திறந்து காட்டினார். அம்மாக்கண்ணுவும் திறந்தாள். அவர் ஒரு சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அந்தக் காயத்தைக் கண்டதும் முகம் சுளித்தார்.

"யார் செஞ்சது?"

"எங்க வீட்டுக்காரரு. கொடக்கம்பியால."

டாக்டர் தலையில் கை வைக்காத குறை. பிறகு, தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டி, நல்ல மனதோடுதான் சொன்னார்: "பயம் இல்ல. எல்லாம் சுத்தமா எடுக்கிறது. கொஞ்சமும் வைக்க ஏலாது."

அம்மாக்கண்ணு படக்கென்று வாயை மூடினாள். டாக்டரின் விரல் தப்பியது கடவுள் செயல். அதே சுத்தமா! அதே எடுக்கிறது! இவ்வளவு தூரம் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது, இன்னொரு செபஸ்தியாம்பிள்ளையிடம் வாயைக் கொடுக்கவா? நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டாள்.

"எடுக்க விடமாட்டேன். தொரசாணிக்கு இப்பிடித்தான் சுத்தமா எடுப்பீங்களா? பல்லுல கை வச்சீங்க, கடிச்சுப்புடுவேன்!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. சிசிலிக்குத்தான் முதலில் விளங்கியது. அவளும் ஏதோ ஒரு லயத்தில் வளர்ந்தவள்.

"ஐயோ அக்கா, பல்ல இல்லீங்க! பல்லு மேல இருக்கிற பாசிய. பாசியச் சுத்தமா எடுக்கணும்னு சொல்றாரு. பல்லு அப்பிடியே இருக்கும்."

"மாதா மேல சத்தியமா?"

"மாதா மேல சத்தியமா."

அம்மாக்கண்ணு சிலுவையையும் பார்த்தாள், சிசிலியின் கண்ணையும் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்து, குறடு எங்கே இருக்கிறது என்று தட்டில் தேடிக் கண்டுபிடித்து, அதைத் தூர எடுத்து வைக்கச் சொன்னாள். சிசிலி எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகுதான் வாய் திறந்தது.

ஆண்டியப்பன் மேலிருந்து ஈறைப் பார்த்துச் சுரண்டியவன். இவரோ கொக்கி மாதிரி இருந்த சின்ன ஆயுதத்தைப் பாசிக்கு அடியில் கொடுத்து, ஈறை விட்டு மேல்நோக்கி இழுத்தார். இன்னொரு விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றிக்கொண்டார், கை வழுக்காமல். வலிக்கத்தான் செய்தது, இரத்தமும் வந்தது. ஆனால் ஒவ்வொரு துண்டாகத் தட்டில் விழும் சத்தம் கேட்கக் கேட்க அவளுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம்.

முடிந்ததும் டாக்டர் சிங்களத்தில் சொல்ல, சிசிலி தமிழில் சொன்னாள். இது கல்லாக இறுகிப்போனது. வீட்டில் எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, கம்பியால் சுரண்டினால் ஈறுதான் போகும். இறுகுவதற்கு முந்தி தினமும் காலையும் இரவும் துலக்கினால் போதும். செங்கல் பொடி வேண்டாம், வெற்றிலையைக் குறை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள், வெற்றிலையைத் தவிர.

கடைசியாக டாக்டர் ஒரு பல்லை விரலால் தொட்டு அசைத்துக் காட்டினார். குடைக்கம்பி இறங்கிய இடம் அது.

"மத்த மூணும் ஈறு ஆறுனா இறுகிரும்னு சொல்றாரு. இது மட்டும் நிக்குமோ விழுமோ தெரியாதாம்" என்றாள் சிசிலி. "வேணும்னா இப்பவே எடுத்துரலாமாம். ஒங்க இஷ்டம்."

ஒங்க இஷ்டம். தோட்டத்தில் யாரும் அவளிடம் சொல்லாத வார்த்தை. அம்மாக்கண்ணு அதைக் கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தாள்.

"இருக்கட்டும்னு சொல்லுங்க. அது விழணும்னு நெனைச்சா விழட்டும். நான் தள்ளிவிட மாட்டேன்."

லயத்தில் வந்து இறங்கியதும் ஆளாளுக்கு வாயைப் பார்த்தார்கள். பாசி போன இடத்தில் பல்லுக்கிடையே சந்து தெரிந்தது, காற்று புகுந்து கூசியது. பாசிதானே பல்லைப் பிடித்து நிறுத்தியிருந்தது, இனி நாலும் கொட்டிப்போகும் என்று பக்கத்துக் காம்பரா மூக்கன் அடித்துச் சொன்னான். அம்மாக்கண்ணுவுக்கும் பயமாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். அந்தப் பயத்தோடேயே வாயைக் கொப்பளித்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் பெரட்டுக் களத்தில் கங்காணிக்குப் பக்கத்தில் செபஸ்தியாம்பிள்ளை நின்றார். சாதாரணமாக அந்த நேரத்துக்கு அவர் படுக்கையை விட்டே எழுந்திருக்க மாட்டார். தன்னை மதிக்காமல் துண்டு இல்லாமல் போனவளை எல்லாருக்கும் முன்னால் பார்க்க வேண்டுமே!

"இஞ்ச வா. வாயைத் திற பாப்பம். டவுன் டாக்குத்தர் என்ன கிழிச்சவர் எண்டு எல்லாரும் பாக்கட்டும்."

அம்மாக்கண்ணு கிட்டே போனாள். கூடையைத் தலையிலிருந்து இறக்கவில்லை.

"கொழுந்து மலையில ரெண்டு பேரு பேசுனா வாய மூடுங்குறீங்க. கூலி பத்தலன்னா வாய மூடு. லயத்துக் கூரை ஒழுகுதுன்னா வாய மூடு. இன்னிக்கு மட்டும் என்னாங்கய்யா, தெறக்கச் சொல்றீங்க? இனிமே நான் பேசணும்னாத் தெறப்பேன், திங்கணும்னாத் தெறப்பேன். நீங்க சொன்னீங்கன்னு தெறக்க மாட்டேன்."

"அந்த ஒரு பல்லு ஆடுதாம் எண்டு லயத்தில கதைக்கினம். விழத்தான் போகுது. விழுந்தாப் பிறகு என்னட்டத்தானே வருவாய்?"

"விழுந்த பல்லுக்கு டாக்டரு எதுக்குங்கய்யா?"

பெண்கள் வரிசையில் சிரிப்பு வெடித்தது. இந்தத் தடவை யாரும் பயந்து சிரிக்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளையின் காது சிவந்தது. கங்காணி கம்பைத் தரையில் ஊன்றினார்.

"போதும் வாயி! இன்னிக்கும் ஒனக்குப் பேரு கெடையாது. போ, லயத்துக்கு."

அவள் கெஞ்சுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மாக்கண்ணு வெறுங்கூடையோடு திரும்பி, வரிசை முழுவதையும் கடந்து, சாவகாசமாக நடந்தாள். வளைவு தாண்டியதும் நாக்கு நுனியால் அந்தப் பல்லைத் தொட்டுப் பார்த்தாள். ஆடிற்று. ஆடட்டும், ஆடுவது யாருடைய பல்? அவளுடைய பல்.