கசூரும் கர்சூனும்

மோரின் அயர்லாந்தின் மேற்குக் கடலோரத்துக்காரி. அவள் கணவன் மரிஷ் தெற்கே, கெர்ரிக்காரன்; பள்ளிக்கூடத்தில் ஐரிஷ் மொழி வாத்தியார். மோரின் வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து வீட்டில் இதே வம்புதான். அவள் ஊர் ஐரிஷில் ஆணோ பெண்ணோ எந்தப் பிள்ளையும் ‘கசூர்’. அவன் ஊரில் ‘கர்சூன்’, அதுவும் பையன் மட்டும்.

“கர்சூன் என்ன பண்றான்?” என்பான் மரிஷ், அவள் வயிற்றைத் தொட்டு.

“ஏன், பொண்ணா இருந்தா வெளிய விட்டுருவியா?”

“பொண்ணுக்கு எங்ககிட்ட தனிப் பேரு இருக்கு. உங்காளுங்கதான் எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டுக் கிண்டுறீங்க.”

எட்டாம் மாதத்தில் ஒருநாள் வயிற்றில் அசைவு நின்றது. கால்வே ஆஸ்பத்திரியில் வலி வர வைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பிள்ளை உயிரில்லாமல்தான் வெளியே வந்தது. பிரான்சிலிருந்து வந்திருந்த நர்ஸ் சொலென் அதைக் கையில் ஏந்தியபடி தன்னையறியாமல் சொன்னாள்: “கர்சோன்.”

உடனே பதறினாள். “மன்னிச்சிருங்கம்மா, எங்க ஊர்ப் பேச்சு வந்துருச்சு. பையன்…”

“புரிஞ்சுது” என்றாள் மோரின்.

ஜன்னலோரம் நின்ற மரிஷ் திரும்பாமலே பேசினான். “உங்க வார்த்தைதாங்க அது. எண்ணூறு வருஷம் முன்னாடி உங்க பேச்சு பேசுன நார்மன்காரங்க எங்க நாட்டைப் பிடிக்கக் கப்பல்ல வந்தப்ப கூடவே வந்துச்சு. தெற்க கர்சூன்னு நின்னுச்சு. இவங்க பக்கம் தேஞ்சு கசூர் ஆயிருச்சு. வடக்கயும் கசூர்தான், ஆனா அங்க பையனுக்கு மட்டும்…” வகுப்பில் பேசுகிற அதே குரல். நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை. சொலென் பிள்ளையைத் துணியில் சுற்றியபடி “அப்படிங்களா, அப்படிங்களா” என்றாள்.

மோரின் தனக்கு அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. பிள்ளையை மடியில் வைத்தார்கள், கனமாக இருந்தது. பிறகு டீயும் ரொட்டியும் வந்தன. வெண்ணெயில் உப்பு கூடுதல் என்று நினைத்துக்கொண்டே முழுவதும் தின்றாள்.

இரண்டு வாரம் கழித்துக் கல்லறைக் கல் வெட்டுபவர், என்ன பெயர் போடுவது என்று கேட்டுப் போன் செய்தார். பிள்ளைக்கு அவர்கள் பெயர் யோசித்திருக்கவில்லை.

“உன் வார்த்தையையே போடச் சொல்லட்டுமா?” என்றான் மரிஷ், போனைக் கையால் பொத்திக்கொண்டு.

“ஏதோ ஒண்ணு.”

“கசூர்னு போடுங்க” என்றான் அவன். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான்.

வெளியே தூறல் விழுந்தது. மோரின் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க எழுந்து போனாள். பாதி ஏற்கெனவே நனைந்திருந்தது. மீதியையும் நனைய விட்டுவிட்டு அங்கேயே தூறலில் நின்றாள்.