எறும்பு தீண்டாத கோலம்

2024ஆம் ஆண்டு ஜனவரி மூன்றாம் நாள், புதன்கிழமை, மார்கழி பதினெட்டு. அன்று விடியற்காலையில், வேங்கிக்காலில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் நான் போட்ட கோலம் அரிசி மாவினால் ஆனதன்று. போடும்போது அது எனக்குத் தெரியாது.

வாசலைக் கூட்டி, நீர் தெளித்து, ஈரம் உலர்வதற்கு முன்பே புள்ளி வைத்துவிடுவது என் வழக்கம். மார்கழியில் கடைக் கோலப்பொடியை நான் தொடுவதில்லை. எறும்புக்கும் அணிலுக்கும் பயன்படாத கோலத்தை வாசலில் போடுவதில் பொருளில்லை. அன்றும் டப்பாவைத் திறந்தேன். வெள்ளை மாவு நிறைந்திருந்தது. விரலிடுக்கில் சற்றே வழுவழுப்பாக நழுவியது. இழை அறுபடாமல் வந்தது. அவ்வளவு நேர்த்தியான கோலத்தை நான் அண்மையில் போட்டதில்லை.

இந்த வீட்டில் இருவர் வசிக்கிறோம். நான் ராஜம்மாள், அரசு மாணவியர் விடுதியில் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மற்றவள் என் தங்கை அருணாதேவி, கணவனை இழந்தவள், மணிக்கட்டு எலும்பு முறிந்த பிறகு என்னுடன் வந்து தங்கினாள். அவளுடைய ஒரே மகன் கலையரசன், கீழ்பென்னாத்தூரில் மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றை வாடகைக்கு எடுத்து, எலும்புக்கு வலுவூட்டுவதாகச் சொல்லி ஒரு பொடி தயாரித்து வந்தான். உறையில் அதற்குச் சத்து என்று பெயர். அந்தச் சொல்லை நான் பயன்படுத்தப் போவதில்லை. பொடி என்றே குறிப்பிடுகிறேன்.

பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதையில், அடி அண்ணாமலை அருகே கூடாரம் போட்டு அதை விற்பான். கால் வலியோடு நடந்து வருகிறவர்களிடம் ஒலிபெருக்கியில் அவன் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "எங்கம்மாவே மூணு வேளையும் இதத்தாங்க சாப்பிடறாங்க!"

அது பொய்யன்று. அவள் மூன்று வேளையும் அதைத்தான் சாப்பிட்டாள். நாளடைவில் அதைத் தவிர வேறெதையும் சாப்பிடவில்லை.

அன்று வெயில் ஏறியதும் நான் வாசலுக்கு வந்தேன். எறும்புகள் வந்திருந்தன. முதல் எறும்பு இழையருகே வந்து நின்றது, உணர்கொம்பை நீட்டியது, திரும்பியது. அடுத்ததும் அதே இடத்தில் நின்று திரும்பியது. நண்பகலில் பார்த்தபோது, ஓர் எறும்புகூட உள்ளே செல்லாமல், கோலத்தின் ஓரத்தை வளைவு வளைவாகப் பின்பற்றி முழு வரிசையும் ஊர்ந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கோலத்தைச் சுற்றி அசையும் கறுப்புக் கோலம் ஒன்று.

எதிர்வீட்டுத் திரௌபதி மதிற்சுவரில் கையூன்றிக்கொண்டு பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, எறும்புக்கும் வரிசையில போவணும்னு ஆர்டர் போட்டுட்டீங்களா?"

"நான் டீச்சர் இல்ல. வார்டன்."

"அதான் பயந்து ஓரமா போவுது."

அவள் சிரித்தாள். சிரிப்பை நிறுத்திவிட்டு மீண்டும் ஒருமுறை வாசலைப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

அடுக்களையில் அருணாதேவி தன் மதிய வேளைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். டம்ளரில் பொடியைக் கொட்டி, மண்பானையிலிருந்து தண்ணீரை மொண்டு ஊற்றிக் கலக்கினாள்.

"அரிசி மாவு டப்பாவுல என்னத்தடி போட்டு வச்ச?" என்று கேட்டேன்.

"மாவு தீந்துடுச்சுக்கா. கலை குடுத்ததுல தேதி போன பாக்கெட்டு ஒண்ணு கெடந்துச்சு. திங்கற பண்டம்தான, எறும்புக்கும் எலும்பு வலுவாவட்டும்னு கொட்டி வச்சேன்."

"எறும்பு தொடல."

"அதுக்கு எலும்பு ஏது?" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு டம்ளரை இரு கைகளாலும் பொத்திக்கொண்டு, "இங்க தொட்டுப் பாரேன். பச்சைத் தண்ணிதான் ஊத்துனேன். தானா சூடாவுது. அம்மா கை மாதிரி இருக்கும்" என்றாள்.

தொட்டேன். பானைத் தண்ணீர் ஊற்றிய டம்ளர், காய்ச்சல்காரர் கையைப் போல வெதுவெதுப்பாக இருந்தது. அடுப்பு அணைந்திருந்தது. அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டாள். உதட்டோரத்தில் தங்கிய வெள்ளை துணியில் வரவில்லை. நகத்தால் சுரண்டி எடுத்தாள்.

மறுநாள் காலை வாசலைக் கழுவினேன். கோலம் போகவில்லை. துடைப்பத்தால் தேய்த்தேன், இழைகள் முன்னிலும் துலக்கமாக வெளுத்தன. கத்தியின் முனையைக் கொடுத்து நெம்பியபோது, ஒரு வளைவு அப்படியே பெயர்ந்து கையில் வந்தது. மெலிதாக, வளைந்து, உறுதியாக இருந்தது. குழந்தையின் விலா எலும்பு போல என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதை விரும்பவில்லை. ஆயினும் வேறு உவமை கிடைக்கவில்லை.

ஞாயிறு முழுவதும் மழை கொட்டியது. திங்கட்கிழமை காலையில் தெருவில் எவர் வாசலிலும் கோலம் இல்லை. எங்கள் வாசலில் மட்டும், நான் பெயர்த்த வளைவு தவிர, ஒரு புள்ளியும் கலையாமல் இருந்தது. பால்காரர் வண்டியை நிறுத்தி, அதன்மீது கால் படாமல் சுற்றி வந்து பாலைக் கொடுத்துவிட்டுச் சென்றார்.

அன்று அருணாதேவி கட்டிலிலிருந்து எழவில்லை. வயிற்றின்மீது கையை வைத்துப் படுத்திருந்தாள். கை வைத்துப் பார்த்தேன். உள்ளே கெட்டியாக இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம், எழுந்திரு."

"வேணாம்."

"வலிக்கலையா?"

"வலி இல்லக்கா. பாரமா இருக்குது. பசியே இல்ல." சன்னல் வழியே தெரிந்த மலையைப் பார்த்தாள். "இந்த ஊர்ல சாமியே கல்லாத்தான ஒக்காந்திருக்கு. நான் ஆனா என்ன?"

அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அவள் குரலில் அச்சமும் இல்லை. அச்சமின்மைதான் என்னைக் கலங்க வைத்தது. சற்று நேரத்தில், "டம்ளர எடு, வேளையாச்சு" என்றாள்.

"இனிமே அதக் குடிக்கக் கூடாது."

"நான் நிறுத்துனா எம் புள்ளய நானே கெட்டவன்னு சொன்ன மாதிரி. என்னால முடியாது."

பொடிப் பாக்கெட்டுகளை நான் பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவள் சண்டையிடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, நான் கொடுத்த கஞ்சியையும் மறுத்துவிட்டாள். அன்றும் மறுநாளும் அவள் தொண்டையில் தண்ணீர் மட்டுமே இறங்கியது. அவள் மகன் சொல்லாமல் அவள் விடமாட்டாள் என்பது எனக்கு விளங்கியது. செவ்வாய்க்கிழமை, திரௌபதியை அவளுக்குத் துணையாக இருத்திவிட்டுக் கீழ்பென்னாத்தூருக்குப் பேருந்து ஏறினேன்.

ஆலை வாசலில் காவலுக்கு இருந்தவர் காசி. கலையரசன் வெளியே சென்றிருந்தான். என்னை உள்ளே அழைத்துச் சென்றது அவர்தான். பெரிய கூடம். ஒருபுறம் நிலக்கடலை மாவு சில மூட்டைகள். மறுபுறம் கூரை வரை வெள்ளைச் சாக்குகள். அரிசி ஆலைகளை நான் அறிவேன். விடுதிக்கு அரிசி எடுக்கப் பல ஆலைகளுக்குச் சென்றிருக்கிறேன். எலி ஓடும், சிட்டுக்குருவி இறங்கும், வண்டு பறக்கும். இங்கு எதுவும் இல்லை. மூலைகளில் சிலந்தி வலைகள் இருந்தன, அவற்றில் பூச்சிகள் இல்லை, சிலந்திகளும் இல்லை. வலைகள் வெள்ளை படிந்து, நூலாக விறைத்து நின்றன.

"எலியே இல்லையா?" என்றேன்.

"இருந்துச்சுங்கம்மா. ஆரம்பத்துல செத்துச்சு. அப்பறம் வர்றதில்ல. பூனை ஒண்ணு வளத்தேன், அதுவும் போயிடுச்சு." காசி குரலைத் தாழ்த்தினார். "செத்த எலி நாறலங்கம்மா. அப்படியே காஞ்சு கெடந்துச்சு. பொம்மை மாதிரி."

"இந்தச் சாக்குல என்ன இருக்குது?"

"‘வெள்ளை’ன்னுதாங்க சொல்வாங்க. வீட்டுக்கு பிளாஸ்டர் மாவுல உள்கூரை அடிக்கறாங்களே, அந்த ஆளுங்களுக்கு எறக்கற லாரிதான் இங்கயும் எறக்கிட்டுப் போவுது."

கலையரசனை மறுநாள் மாலை வீட்டுக்கு வரச் சொல்லும்படி காசியிடம் கூறிவிட்டுத் திரும்பினேன்.

அவன் வந்தான். நல்ல உடை, நல்ல செருப்பு. வாசல் கோலத்தைத் தாண்டி வந்தவன், "பெரியம்மா, பெயின்ட்ல போட்டுட்டீங்களா? சூப்பருங்க" என்றான்.

பெயர்த்தெடுத்த துண்டை அவன் கையில் வைத்தேன். "உன் பொடி. இத உங்கம்மா திங்கறா."

அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். முகம் மாறவில்லை. "எல்லாத்துலயும் ஃபில்லர் இருக்குங்க பெரியம்மா. மாத்திரையில இல்லையா? கட்டி பிடிக்காம இருக்க ஒண்ணு போடுவாங்க, வெள்ளையா தெரிய ஒண்ணு, எடைக்கு ஒண்ணு."

"அந்த எடைக்கு ஒண்ணு என்ன?"

"சப்ளை பண்றவன் ஃபுட் கிரேடுன்னுதான் சொன்னான்."

"நீ கேட்டியா, அவனா சொன்னானா?"

கட்டிலிலிருந்து அருணாதேவி, "அவன ஏன் நிக்க வச்சு கேள்வி கேக்கற? ஒக்காரச் சொல்லுக்கா" என்றாள்.

அமரச் சொன்னேன். பிறகு பீரோவைத் திறந்து, அவனுடைய பாக்கெட் ஒன்றை அவன் கண்முன் பிரித்தேன். எவர்சில்வர் டம்ளரில் கொட்டி, பானைத் தண்ணீரை ஊற்றி, ஸ்பூனால் கலக்கி அவன் கையில் கொடுத்தேன்.

"குடி."

"இப்பதான் டீ குடிச்சிட்டு வந்தேங்க."

"குடிடா" என்றாள் அருணாதேவி, மெதுவாகத் தலையைத் தூக்கி. "நான் தெனமும் குடிக்கறேன்ல. ஒரு வாய் குடிச்சுக் காட்டு, பெரியம்மா வாய மூடிக்குவா."

அவன் டம்ளரை உதடு வரை கொண்டு சென்றான், நின்றான், கீழே இறக்கினான். "சூடா இருக்கும்மா. ஆறட்டும்."

அதை யாரும் சூடாக்கவில்லை.

நாங்கள் மூவரும் அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவன் கைபேசியை எடுத்துப் பார்த்தான். மீண்டும் பையில் போட்டான். வெளியே ஒரு பேருந்து போனது. சாய்ந்திருந்த ஸ்பூன், அவன் கை அசைந்தபோது அசையவில்லை.

அருணாதேவி கையை நீட்டினாள். அவன் கொடுத்தான். அவள் டம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். எதுவும் விழவில்லை, ஒரு துளியும் சொட்டவில்லை. ஸ்பூன் மட்டும் அதில் ஊன்றி, கீழ்நோக்கி நின்றது. அவள் மறுகையால் தன் வயிற்றைத் தொட்டாள். மிக மெதுவாகத் தொட்டாள், பிறர் வயிற்றைத் தொடுவது போல.

"நீ குடிக்க மாட்டன்னு எனக்குத் தெரியாதுடா, கலை."

"அம்மா..."

"அம்மா திங்கறான்னா புள்ள நல்லதாத்தான் போடுவான்னு நெனச்சேன். ஊருக்கே நல்லதா போடுவான்னு நெனச்சுத்தான் தின்னேன்."

அவன் அழுதான். அவள் அழவில்லை. "அக்கா, ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லு" என்றாள்.

மருத்துவமனையில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் அவள் இரைப்பையின் அடிப்பகுதியில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கெட்டிப்பட்ட அதனைக் குழாய் விட்டு உடைத்து எடுக்க முயல்வதாகவும், இயலாவிட்டால் அறுவை செய்வதாகவும் மருத்துவர் கூறினார். உடைத்தெடுக்க முடிந்தது.

இறுதியாக முடிவானவை இவை. கலையரசன் தானாகவே மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குச் சென்று, உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஒரு சாக்கையும் பாக்கெட்டுகளையும் ஒப்படைத்து உண்மையைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை நண்பகலுக்குள் அவன் போகாவிட்டால் அருணாதேவி தன் பெயரில் புகார் கொடுப்பாள். அவன் போனான். ஆலை பூட்டப்பட்டது. பொடியை வாங்கிச் சென்றவர்கள் அதை உண்ண வேண்டாம் என்று, தைப் பௌர்ணமியன்று அதே கிரிவலப் பாதையில், அதே ஒலிபெருக்கியில், தன் தாயின் நிலையையும் சேர்த்து அவனே அறிவிக்க வேண்டும். அறிவித்தான். அருணாதேவி என்னுடனேயே இருப்பாள். நான் சமைப்பதை உண்பாள். வழக்கு முடியும் வரை கலையரசனும் இவ்வீட்டில் சாப்பிடலாம். ஆனால் அவன் கொண்டு வரும் எதுவும் எங்கள் அடுக்களைக்குள் வராது.