சட்டைப் பையில் ஒரு சிவப்புப் பொட்டு

ஆஸ்பத்திரிப் பிணவறையில் கணவனின் சட்டைப் பொத்தான்களை இராசலட்சுமி பூட்டிக்கொண்டிருந்தபோது, அக்கா சுசீலாதேவி ஈரத்துணியோடு வந்து நின்றாள்.

"பெட்டி மூட முன்னம் பொட்டை எடுத்துப்போடு. வெளியில எங்கட சனம் நிக்குது."

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா."

அக்காவைக் கோபிக்க மனம் வரவில்லை. விசா இழுபட்டு இழுபட்டு, போன வருடம்தான் டென்மார்க்குக்கு, பிரெடெரிசியா நகரில் இருக்கும் தன் புருசனிடம் வந்து சேர்ந்தவள். ஆனால் இந்தப் பொட்டை எடுத்தால் கணவர் ஒரியோலைக் கண்ட முதல் நாளும் அதோடு போய்விடும்.

ஒரியோல் ஸ்பெயின் நாட்டின் கட்டலான் மொழி எழுத்தாளர். அவருடைய மொழியில் எழுதினால் அச்சேற்ற விடாத காலத்தில் நாவல் எழுதி வம்பில் மாட்டி, இங்கே ஹோர்சன்ஸ் நகருக்கு ஓடிவந்து ஓவியக்கூடம் திறந்தவர். ஆட்சி மாறிய பிறகுதான் ஊரில் அவருடைய புத்தகங்கள் வெளிவந்தன. எல்லாவற்றிலும் ஓவியர்கள்தான், உலகத்தில் வேறு மனிதரே இல்லாததுபோல. தன் வாசகர்கள் எல்லாரும் ஒரே பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள் என்று சிரிப்பார். இராசலட்சுமிக்கு அந்த மொழி தெரியாது. எழுதியதை அரைகுறை டேனிஷில் அவளுக்குச் சொல்லிக்காட்டுவார். அவள் கொட்டாவி விட்ட பக்கத்தை மறுநாளே கிழித்துவிடுவார்.

அந்தக் கூடத்துக்குத்தான் அவள் துப்புரவு வேலைக்குப் போனாள். மேசையில் சிவப்பு வட்டங்கள் ஒட்டிய தாள் ஒன்று கிடந்தது. யாரோ தமிழ்ப் பெண் விட்டுப்போன ஒட்டுப்பொட்டு என்று நினைத்து ஒன்றை நெற்றியில் வைத்துக்கொண்டாள். ஒரியோல் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அது விற்றுப்போன படத்தில் ஒட்டுவது. உன்னை வாங்கியது யார்?"

"என்னை வாங்க ஆளில்லை" என்று அவள் முறைத்தாள். அவர் சிரிப்பை நிறுத்தி மன்னிப்புக் கேட்டார். பதிவுத் திருமணத்தன்று அதே மாதிரிச் சிவப்பு வட்டம் ஒன்றைத் தன் சட்டைப் பையில் ஒட்டிக்கொண்டு வந்து நின்றார். அன்றிலிருந்து அவள் வேறு பொட்டு வைத்ததில்லை.

இப்போது கைப்பையிலிருந்து தாளை எடுத்து, ஒன்றை உரித்து, அவருடைய சட்டைப் பையில் ஒட்டினாள். அது சற்றுச் சரிந்துவிட்டது.

"ஊருக்கு அனுப்பின கலியாணப் படத்திலயும் இப்பிடித்தானே நிண்டவர்?" என்றாள் அக்கா. "மாப்பிளை சட்டைக்குப் பொட்டு வைச்சிருக்கிறார் எண்டு அம்மா சிரிச்சுச் சிரிச்சுக் காட்டினவ."

"ஓம் அக்கா."

வெளியே கதவைத் தட்டினார்கள்.

"வாறம்" என்று குரல் கொடுத்துவிட்டு, சுசீலாதேவி தங்கையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். ஈரத்துணியால் கன்னங்களை மட்டும் துடைத்துவிட்டாள்.