ஒவ்வொரு வாசலிலும்

1

இது கதையாகத் தொடங்கவில்லை. எங்கள் சிற்றூர் மோன்டெகுர்வோவின் வரலாறு, காணவேண்டிய இடங்கள் பற்றி ஒரு கையேடு எழுதச் சொன்னார்கள். ஊரில் அச்சுப்பொறி வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். தகுதி அவ்வளவே.

முதல் வரி: ‘குன்றின் உச்சியில் காலம் உறைந்து நிற்கும்…’ (அடித்துவிட்டேன். இங்கே உறைவது தண்ணீர்க் குழாய்.)

காணவேண்டியவை: ஒரு தேவாலயம், பாதி இடிந்த கோபுரம், கோபுரத்தடியிலிருந்து தெரியும் காட்சி. தெரிவது பக்கத்து ஊர். அங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

2

பிறகு, ஆகஸ்டில் சான் ரோக்கோ பவனி. புனிதரின் சுரூபத்தை நால்வர் தோளில் சுமந்துவந்து ஒவ்வொரு வாசலிலும் நிறுத்துவார்கள்.

‘ஒவ்வொரு’ என்பது பொய். எர்சிலியாவின் வாசலில் நிறுத்துவதில்லை. 1944இல், போரின்போது, ஊரைப் பிடித்திருந்த ஜெர்மன்காரர்களுக்கு அவள் அப்பா ரொட்டி கொடுத்தார். (முதுகில் துப்பாக்கி இருந்ததா என்று ஊர் இன்னும் சண்டை போடுகிறது. அப்போது ஆறு வயதான எர்சிலியா பக்கத்திலேயே நின்றாள். அவளை யாரும் கேட்டதில்லை.) ஆண்டுதோறும் புனிதரை வரவேற்க ஜன்னலில் கல்யாணப் பட்டு விரிப்பைத் தொங்கவிட்டுக் காத்திருக்கிறாள். அங்கே மட்டும் சுரூபம் வேகமெடுக்கிறது.

3

புதுப் பங்குத்தந்தை ஃபுல்ஜென்ஸியோ சொன்னார்: “எனக்கு ஊரு புதுசு. நீங்க எழுதுறதப் பாத்தே பவனிய நடத்திடுறேன்.”

அதுவரை நான் எழுதிய எதனாலும் எதுவும் நடந்ததில்லை. பயமாக இருந்தது.

எர்சிலியா வந்தாள். “எல்லா வாசலும்னே போட்டுடுப்பா. அடுத்த வருஷம் நான் இருப்பேனோ என்னவோ.”

“பொய்யாயிடுமே, எர்சிலியாம்மா.”

“கோபுரத்துக்கு ஆயிரம் வயசுன்னு எழுதியிருக்கியே, அது மட்டும்?”

முன்வரிசையில் சுமக்கும் நசரேனோவும் வந்தார். அவர் சித்தப்பாவை அந்த ஜெர்மன்காரர்கள்தான் தேவாலயச் சுவரோரம் நிறுத்திக் கொன்றார்கள். “கொன்னவன் வயித்துல அந்த ரொட்டிதான்யா இருந்துச்சு. நீ எழுது, ராசா மாதிரி எழுது. காலு என்னோடது.”

4

முடிவு ஒன்று: சுரூபம் நிற்கிறது, எல்லோரும் அழுகிறார்கள். (நசரேனோவை எனக்குத் தெரியும். அடித்துவிட்டேன்.)

முடிவு இரண்டு: ‘ஏறக்குறைய ஒவ்வொரு வாசலிலும்’ என்று எழுதுகிறேன். (எழுதினேன். வெட்கமாக இருந்தது. கிழித்துப் போட்டேன்.)

‘ஒவ்வொரு வாசலிலும்’ என்றே அச்சாயிற்று.

5

இன்று பவனி. எர்சிலியாவின் வாசலில் பங்குத்தந்தை கையேட்டைப் பார்த்தார், கையை உயர்த்தினார். பின்னால் சுமந்த இருவரும் நின்றார்கள். முன்னால் இடப்பக்கம் சுமந்தவனும் தயங்கி நின்றான். நசரேனோ

(வாக்கியத்தை இங்கேயே விட்டுவிட்டேன். கூட்டத்தின் கடைசியில் நிற்கிறேன், அவர் கால் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதத் துணிவில்லை. நீங்கள் முன்னால் நிற்கிறீர்கள், பார்த்துச் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். எர்சிலியா இன்னும் மூச்சு விடவில்லை.)